பின்னாலிருந்து கேட்கும் வார்த்தை

ஜனவரி 1, 2025, புதன்

ஆராதனை முடிந்து பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து சேர மணி இரண்டாகிவிட்டது. புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வேதவசனம் எழுதிக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் இந்த வருஷம் எனக்கு வந்தது ஏசாயா 30:21. வலதுபுறமோ இடதுபுறமோ சாயும்போது ‘வழி இதுவே’ என்ற வார்த்தையைக் கேட்பாய் என்கிற வசனம். பார்த்ததுமே ஜெர்மனிதான் என்று மனசு துள்ளியது. நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி இந்த மாசக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறது. அம்மாவிடம் அட்டையைக் காட்டினேன், "ஆண்டவர் பேசிட்டார்ல" என்றாள்.

ஜனவரி 7, செவ்வாய்

நைட் டியூட்டி. மூன்று மணிக்கு வார்டு அடங்கிய பிறகு வேதாகமத்தில் கிதியோன் ஆண்டவரிடம் கேட்டதைப் போல ஓர் அடையாளம் கேட்டேன்: ஜெர்மன் மொழிக்கான பி2 தேர்வு ரிசல்ட் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் போகிறேன் என்று. காலையில் பஸ்ஸில் நியாயாதிபதிகள் 6-ஐ எடுத்து வாசித்தபோது உறுத்தியது. பனி தோலில் மட்டும் விழுந்து தரை காய்ந்திருக்கட்டும் என்று கிதியோன் ஆட்டுத்தோலைப் போடுவதற்கு முன்னாலேயே என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லியாகிவிட்டது. தோல் மட்டும் நனைந்தது போதாமல் அடுத்த ராத்திரி மாற்றிக் கேட்கிறான். பயந்தவனிடம் ஆண்டவர் அவ்வளவு பொறுமையாக இருந்தாரே என்று கண் கலங்கியது, ஆனால் நான் கேட்டது பயத்தில் இல்லை, அவசரத்தில்.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வரவில்லை என்றால் என்ன செய்வேன்? சனிக்கிழமை வரைக்கும் என்று தள்ளிப் போட்டிருப்பேன், அது எனக்கே தெரியும்.

ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போக வேண்டாம்னு அவர் சொன்னா ஏத்துக்குவியாம்மா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம், "ஒப்பந்தத்தை வாசிச்சியா?" என்று கேட்டார். மூன்று வாரமாக உபவாசம் இருந்து ஜெபித்தவள் அந்த எட்டுப் பக்கத்தை ஒரு தடவைகூட முழுசாக வாசிக்கவில்லை.

ஜனவரி 18, சனி

அப்பாவும் நானும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரிவரியாக வாசித்தோம். இரண்டு வருஷத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவு முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும், எவ்வளவு என்று எங்கேயும் எழுதவில்லை. போன் பண்ணிக் கேட்டால் "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பானே என்று இயேசு கேட்டது லூக்கா 14-இல் இருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதும் அவர் சித்தத்தைக் கேட்பதில் சேர்ந்ததுதான் என்று எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

ஜனவரி 26, ஞாயிறு

டோனாவூர் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அயர்லாந்திலிருந்து வந்து அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிப் பேச்சு வந்தது. சீனாவுக்குப் போகத் தயாரானவரை உடல்நலம் காரணமாக நிறுத்திவிட்டார்கள். 1893-இல் ஜப்பான் போனார், அங்கேயும் உடம்பு தாங்கவில்லை. 1895-இல் பெங்களூர், அதற்கப்புறம்தான் திருநெல்வேலிச் சீமை. 1901-இல் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள், அதிலிருந்துதான் அப்படிப்பட்ட பிள்ளைகளை மீட்டு வளர்க்கும் அவருடைய வேலையே தொடங்கியது. 1951-இல் இறக்கும்வரை சொந்த ஊர் திரும்பவே இல்லை. கல்லறையில் பெயர்க்கல்கூடக் கிடையாது, பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த்தொட்டியும் ‘அம்மா’ என்ற சொல்லும்தான்.

ராத்திரி அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த வார்த்தை பின்னாலிருந்து கேட்கும் என்றுதான் வசனத்தில் இருக்கிறது. முன்னால் இருந்து என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 30, வியாழன்

பி2 ரிசல்ட் வந்துவிட்டது, நான்கு பகுதியிலும் தேறியிருக்கிறேன், ஸ்தோத்திரம். ஆனாலும் அந்த ஏஜென்சியில் கையெழுத்துப் போடவில்லை, இன்று காலை போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வருத்தம். எங்கள் வார்டு சிஸ்டருடைய தங்கை அங்கே ஆறு வருஷமாக இருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு நேரடியாக எப்படி விண்ணப்பிப்பது என்று அவரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். போவேனா தெரியாது. போக வேண்டாம் என்றாலும் சரி ஆண்டவரே என்று நேற்று ராத்திரி முழங்காலில் சொல்ல முடிந்தது, சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதேன்.