குன்சும் கணவாயும் உப்பு டீயும்

மணாலியிலிருந்து, இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் இருக்கிற காசா ஊருக்குப் போகும் பஸ், குன்சும் கணவாயில் நிற்கும் என்று நினைத்தேன். 4,500 மீட்டருக்கு மேலே இருக்கிற குன்சும் மாதா கோயிலை முதலில் பஸ்ஸோடு ஒரு சுற்று சுற்றினார் டிரைவர். பின்னால் வந்த லாரியும் சுற்றியது, பைக்கில் வந்தவர்களும் சுற்றினார்கள். எனக்கோ அதற்குள் மண்டை வெடித்துக்கொண்டிருந்தது.

தப்பு என்னுடையதுதான். ஸ்பிதிக்குப் போகிறவர்கள் சிம்லா, கின்னௌர் வழியாகப் போங்கள். உயரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். இறங்கும்போது மணாலி வழியாக இறங்கிக்கொள்ளலாம்.

காசாவில் ஒன்றரை நாள் சுருண்டு கிடந்துவிட்டு, தாபோ பௌத்த மடத்துக்குப் போனேன். வெளியே வெறும் மண்சுவர். இதற்கா இவ்வளவு தூரம் என்றுதான் தோன்றியது. கி.பி. 996-இல் எழுப்பிய மடம், 1975 கின்னௌர் நிலநடுக்கத்தில் அடிபட்டும் நிற்கிறது. உள்ளே கும்மிருட்டு, போட்டோவுக்கும் அனுமதியில்லை. பிக்கு ஒருவர் டார்ச் அடித்தார். தலைக்கு மேலே சுவர் நெடுக ஆளுயரச் சுதைச் சிற்பங்கள், சுவரைவிட்டுக் கிளம்பி அந்தரத்தில் உட்கார்ந்த மாதிரி. வெளிச்சம் நகர நகர ஒவ்வொரு முகமாக வந்து போனது. அரை மணி நேரம் யாரும் பேசவில்லை.

தங்கியிருந்த வீட்டில் சாண வறட்டி எரியும் அடுப்போரம் வெண்ணெய் டீ கொடுத்தார்கள். உப்பு போட்டது. டீ என்று நினைத்தால் இறங்காது, சூப் என்று நினைத்தால் அருமை. கப் குறையக் குறைய அந்த அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தார். நாலாவது கப்பில்தான் விஷயம் புரிந்தது: போதும் என்றால் குடிக்காமல் நிரம்பியபடியே வைத்துவிட வேண்டுமாம்!