ரிப்பா அறிக்கையில் பூஜ்யம்

ரிப்பா என்பது கவுன்சில் போன்ற அரசு அமைப்புகளின் ரகசியக் கண்காணிப்பைக் கட்டுப்படுத்தும் பிரிட்டிஷ் சட்டம். இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், அதற்கான வருடாந்திர அறிக்கையை எழுதுவது என் வேலை. அதில் பூஜ்யம் என்று நான் எழுதியது சரிதான். அந்த வருடம் எங்கள் கவுன்சில் வாங்கிய ரகசியக் கண்காணிப்பு அனுமதிகள் 0, ரகசியமாகத் தகவல் தருபவர்களைப் பயன்படுத்தியது 0. ஆடிட் கமிட்டி அஜெண்டாவில் இது கிட்டத்தட்ட கடைசியில் வரும், எல்லோரும் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்ளும் நேரம். வழக்கமாகச் சேர்மன் "நோட்டட்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

அந்த முறை ஒரு கவுன்சிலர் கையைத் தூக்கினார். பல வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அறிக்கையைப் படித்துவிட்டு வரும் சிலரில் ஒருவர். "பூஜ்யம் என்றால், நாம் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். "ரிப்பா அனுமதி தேவைப்படும் கண்காணிப்பு எதுவும் இந்த ஆண்டு நடக்கவில்லை" என்றேன். பக்கத்தில் இருந்த சட்டப் பிரிவுத் தலைவர் தலையாட்டினார். கேட்டவர் ஏதோ குறித்துக்கொண்டார், அடுத்த விஷயம் வந்துவிட்டது.

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று என்பது அங்கேயே எனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இதைத்தான் இன்னும் மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரிப்பா 2000-ல் வந்த சட்டம். முதலில் கவுன்சில்களுக்குள்ளேயே ஒரு மேலதிகாரி கையெழுத்துப் போட்டால் போதும் என்று இருந்தது. 2008-ல் இங்கிலாந்தின் பூல் நகரக் கவுன்சில் ஒரு குடும்பத்தைச் சுமார் மூன்று வாரம் பின்தொடர்ந்து கவனித்தது, எதற்கு என்றால் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டபோது கொடுத்த முகவரியில்தான் உண்மையில் வசிக்கிறார்களா என்று பார்க்க. அது சட்டவிரோதம் என்று 2010-ல் தீர்ப்பாயம் சொன்னது. நாய்க் கழிவுக்கும் குப்பைத் தொட்டிக்கும் உளவு பார்க்கிறார்கள் என்று பத்திரிகைகள் கிழித்த காலம் அது. அதன் பிறகு 2012 நவம்பரிலிருந்து மாஜிஸ்திரேட் ஒப்புதல் கட்டாயம், அதோடு ஆறு மாதமாவது சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும் (சிறாருக்கு மது, புகையிலை விற்பது போன்ற சில விலக்குகள் உண்டு). தெருவில் சிகரெட் துண்டைப் போடுவதற்கு அபராதம் மட்டும்தான், அதனால் அது அடிபட்டுப் போனது. ஆனால் வேனில் மெத்தையையும் உடைத்த சுவரையும் கொண்டுவந்து சந்தில் கொட்டிவிட்டுப் போகும் ஃப்ளை டிப்பிங் 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி ஐந்து வருடம் வரை உள்ளே தள்ளக்கூடிய குற்றம். அதற்கு அனுமதி கேட்கலாம்.

கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்கத் தேவையில்லாதபடி வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டோம்.

கேமரா கம்பத்தில் "இங்கே கேமரா உள்ளது" என்று போர்டு மாட்டினால் அது ரகசியம் இல்லை, ரகசியம் இல்லையென்றால் ரிப்பா இல்லை. சத்தம் போடும் வீட்டில் ஒலியைப் பதிவு செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே ஒரு கடிதம் போட்டால் அதுவும் ரகசியம் இல்லை. பேஸ்புக்கில் 'மலிவாக வீட்டுக் குப்பை அகற்றித் தரப்படும்' என்று விளம்பரம் போடுபவரின் பக்கத்தை ஒரு தடவை பார்த்தால் பரவாயில்லை, அதே ஆளின் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தால்தான் கண்காணிப்பாகிவிடலாம், எனவே ஒரு தடவை பார், ஸ்கிரீன்ஷாட் எடு, வெளியே வா. இந்தப் பயிற்சியை நானே கொடுத்திருக்கிறேன். இதைக் குறுக்கு வழி என்று நான் நினைக்கவில்லை. ஒளிந்து பார்ப்பதைவிட போர்டு மாட்டிப் பார்ப்பது மக்களுக்கு நல்லதுதானே? சட்டமும் அதைத்தானே விரும்புகிறது? சரி, ஆனால் போர்டு மாட்டிய அந்த நிமிடமே அந்தக் கேமரா என் அறிக்கையிலிருந்து காணாமல் போய்விடுகிறது.

அந்தக் கூட்டத்துக்குச் சில மாதம் முன்னால் வந்த ஒரு போனையும் சொல்லாவிட்டால் இது பாதிக் கதை. தமிழர்கள் நிறைய இருக்கிற வார்டு, அதன் கவுன்சிலரும் தமிழர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, அந்தச் சந்தில குப்பை கொட்டுறது ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும். அந்த மூலை வீட்டு ஆக்கள்தான். உங்கட கமராவ ஒருக்கா அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கோவன்."

"அண்ணா, அதை நீங்க சொல்லவும் கூடாது, நான் செய்யவும் கூடாது."

"அப்ப நாங்கள் என்னத்துக்குத் தம்பி இருக்கிறம்? சனம் என்னட்டத்தானே வந்து கேக்குது."

நான் சொன்னது வெறும் கறார் இல்லை. கவுன்சிலர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது கொள்கையையும் பயன்பாட்டையும் பரிசீலிக்க வேண்டும், ஆனால் தனிப்பட்ட அனுமதி எதிலும் தலையிடக் கூடாது என்பதுதான் நடைமுறை விதி. அதற்குக் காரணம் இந்த மாதிரி போன்தான். யார் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஓட்டுக் கேட்டுப் போகிறவர் முடிவு செய்ய ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூலை வீட்டுக்காரர்கள் யார், அவருக்கு அவர்களோடு என்ன பகை, எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் விஷயமே.

அப்புறம் நடந்தது இதுதான். சுற்றுச்சூழல் அமலாக்கக் குழு, புகார்கள் அதிகம் வரும் இடங்களின் பட்டியலைப் பார்த்து, இடம் மாற்றி வைக்கும் கேமரா ஒன்றை அதே சந்தின் முனையில் மாட்டியது. அந்தப் போனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று பட்டியலே காட்டியது, அந்தச் சந்து உண்மையிலேயே பட்டியலின் மேல்வரிசையில் இருந்தது. (பட்டியல் புகார்களால் ஆனது, புகார்களைச் சேர்த்து அனுப்பச் சொல்லி வார்டு மக்களை ஊக்குவிப்பவர் யார் என்பது வேறு கேள்வி.) நான் கோப்பைப் பார்த்தேன். போர்டு இருந்தது, தரவுப் பாதுகாப்பு மதிப்பீடு இருந்தது. மூலை வீட்டின் பின்வாசல் படத்தில் விழுந்ததால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கச் சொன்னேன், மறைத்தார்கள். குறிப்பிட்ட ஆளை எதிர்பார்த்து அதே கேமராவைத் திருப்பினால் போர்டு இருந்தாலும் அனுமதி வேண்டும் என்று குழுவுக்கு மெயிலும் போட்டேன். வேறென்ன செய்திருக்க முடியும்? ஆனால் அண்ணா கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆசிரியை கேட்டதற்கு பூஜ்யம் கிடைத்தது.

குழுவில் இருக்கிறவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. 2023-24-ல் இங்கிலாந்தில் 11.5 லட்சம் ஃப்ளை டிப்பிங் சம்பவங்கள் பதிவாகின, பாதிக்கு மேல் வீட்டுக் குப்பை. இடத்திலேயே விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பை 2023 ஜூலையில் 400 பவுண்டிலிருந்து 1,000 ஆக்கினார்கள், ஆனால் கொட்டியவர் யார் என்று தெரிந்தால்தானே அபராதம். காலையில் போய் ஆஸ்பெஸ்டாஸ் கிடக்கிறதா என்று பார்ப்பது அவர்கள்தான், நானில்லை. மாஜிஸ்திரேட்டிடம் போகப் படிவம் நிரப்பு என்று நான் சொன்னால் அவர்கள் பார்க்கும் பார்வை நியாயமானதுதான்.

ஆனாலும், அன்று ரகசியமாகவே, மாஜிஸ்திரேட் கையெழுத்தோடு, அந்தச் சந்தைப் பார்த்திருந்தால் என் அறிக்கையில் 1 என்று வந்திருக்கும். கமிட்டி கேள்வி கேட்டிருக்கும். மூன்று மாதத்தில் அனுமதி முடிந்திருக்கும், புதுப்பிக்கக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். போர்டோடு இருக்கும் கேமராவுக்கு அப்படி ஒரு முடிவுத் தேதி கிடையாது. கண்காணிப்புக் கேமராக்களுக்கென்று 2013-லிருந்து 12 கொள்கைகள் கொண்ட தனி விதித்தொகுப்பு இருக்கிறது, அதை நாங்கள் மதித்து நடக்க வேண்டும், நடக்கிறோம். ஆனால் அதை வருடா வருடம் கமிட்டி முன்னால் வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. சில நாள் எனக்கே தோன்றும், இவ்வளவு யோசிப்பது வேண்டாத வேலை, போர்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் வெளிப்படைதான் என்று. அந்தப் போர்டு எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தவன் நான், அதனால் அந்த வாதமும் ரொம்ப நேரம் நிற்பதில்லை.

அடுத்த வருட வரைவில் ஒரு பத்தி சேர்த்தேன்: போர்டுடன் கூடிய கேமராக்கள் எத்தனை, எங்கே, எவ்வளவு காலமாக, எத்தனை முறை இடம் மாறின. சட்டப் பிரிவு அடித்துவிட்டது. இது ரிப்பா அறிக்கை, அது ரிப்பா இல்லை, சுற்றுச்சூழல் கமிட்டிக்கு அனுப்பு என்றார்கள். அதுவும் தர்க்கப்படி சரி. அங்கே அனுப்பினால் அது எத்தனை வழக்குப் போட்டோம் என்ற வெற்றிக் கணக்கோடு சேர்ந்துகொள்கிறது, எத்தனை பேரைப் பார்த்தோம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அன்று கேட்ட ஆசிரியை அந்தக் கமிட்டியில் இல்லை. மே தேர்தலில் அவர் நிற்கவும் இல்லை.

இந்த வருடமும் பூஜ்யம்தான். பத்தியைப் பின்னிணைப்பாக மாற்றி மறுபடி அனுப்பியிருக்கிறேன். கூட்டத்துக்கு ஐந்து முழு வேலை நாள் முன்னால் அஜெண்டாவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும், பின்னிணைப்பு அதில் இருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.