ஃபிஜித் தீவுகளில் ஐந்து மாதம், படகில்

பாய்மரப் படகில் ஃபிஜிக்குப் போய், சரக்குக் கப்பல் எப்போதாவது எட்டிப் பார்க்கும் சிறு தீவுகளில் ஏதேனும் உதவி செய்வது என்று நானும் என் கணவரும் முடிவு செய்தபோது, படகின் முன்னறையைப் பழைய துணிகளாலும் பொம்மைகளாலும் அடைத்துக்கொண்டதுதான் எங்கள் முதல் தவறு. 38 அடிப் படகில் அந்த அறையை இழந்தால் உதிரிப் பாய், கயிறு, கருவிப்பெட்டி எல்லாம் படுக்கைக்கு வந்துவிடும். பயணம் முழுவதும் ஒருவர் கருவிப்பெட்டியை ஒட்டித்தான் உறங்க வேண்டியிருந்தது.

நியூசிலாந்தின் ஓப்புவாவிலிருந்து மே மாதக் கடைசியில் புறப்பட்டு, ஏறத்தாழ 1,100 கடல் மைல் கடந்து, பத்தாம் நாள் வனுவா லேவு தீவின் சாவுசாவுவில் நங்கூரமிட்டோம். புதிதாக வந்த படகு இன்னும் சோதிக்கப்படவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றிவிட்டு, அதிகாரிகள் வந்து பார்க்கும் வரை படகிலேயே இருக்க வேண்டும். மிஞ்சியிருந்த வெங்காயத்தையும் தேன் புட்டியையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தோம். பெட்டிகளில் என்னென்ன, எத்தனை, யாருக்கு என்று கேட்பார்கள் என்று மட்டும் எங்களுக்குத் தோன்றவேயில்லை. பட்டியல் இல்லாததால், இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டையையும் எண்ணி எழுதினேன். தானமாகத் தருவதானாலும் அது சுங்கத்துக்குச் சரக்குதான் என்பதை மனத்தில் கொண்டு, இனிப் போகிறவர்கள் பொருள்களின் பட்டியலைக் கரையிலேயே தயாரித்துவிடுவது நல்லது.

அடுத்தது, தீவுகளுக்குள் சுற்றுவதற்கான அனுமதிக் கடிதம். ஃபிஜியின் பழங்குடி மக்களான இத்தௌக்கேய் விவகாரங்களைக் கவனிக்கும் துறையின் பெயரில் வரும் அந்தக் கடிதம் ஃபிஜி மொழியில் இருக்கும். நாம் போகும் இடங்களின் தலைவர்களுக்கு நம்மை அறிமுகப்படுத்தும். கையோடு சந்தைக்குப் போய், ஒவ்வொரு கிராமத்துக்கும் அரைக் கிலோ வீதம், நீரில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா (காவா) வேர்க்கட்டுகள் வாங்கினோம். விற்றவர், 1903 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தென்னிந்தியர் வழியில் பிறந்த முதியவர். நான் தமிழில் பேசியதைத் தலையசைத்துக் கேட்டுவிட்டு, ஃபிஜி இந்தியில் பதில் சொன்னார். கடைசியில் "போயிட்டு வாம்மா" என்பதை மட்டும் தமிழில் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னொரு கட்டு வாங்கினேன்.

ஃபிஜியின் கிழக்கே இருக்கும் லாவ் தீவுக்கூட்டத்தின் தென்பகுதியில் இருக்கும் ஃபுலாங்காவுக்குத்தான் போக நினைத்தோம். அந்தப் பருவத்தில் ஓயாமல் வீசும் தென்கிழக்குக் காற்று நேர் எதிரே நிற்பதால், அது திசை மாறும் வரை பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். வழியில் 180 பாகைத் தீர்க்கரேகையைக் கடக்கும்போது படகின் வழிகாட்டித் திரையில் 'கிழக்கு' என்பது 'மேற்கு' என்று மாறியது. தேதி மட்டும் மாறவில்லை, ஏனெனில் ஃபிஜி முழுவதற்கும் ஒரே நாள்தான். பவளத்திட்டுகளுக்கு நடுவே நுழைவதற்கு வரைபடத்தை நம்பக் கூடாது. வெயில் தலைக்கு மேலோ முதுகுப்புறமோ இருக்கும்போது, ஒருவர் படகின் முனையில் நின்று நீரின் நிறத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். நான் முனையில் நின்றேன். பழுப்பு என்றால் பாறை, நீலம் என்றால் ஆழம். இரண்டும் கலந்த பச்சை தெரிந்தபோதெல்லாம் என் குரல் உயர்ந்ததாகக் கணவர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

கரைக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் காரியம் செவுசெவு, அதாவது யங்கோனாவைக் காணிக்கையாக வைத்து ஊருக்குள் வர அனுமதி கேட்கும் சடங்கு. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணியாமல், தோளில் பை தொங்கவிடாமல், இடுப்பில் வேட்டி போன்ற சுலு கட்டிக்கொண்டு, ஊர் நிர்வாகியான துராங்கா நி கோரோவுடன் தலைவர் வீட்டுக்குப் போனோம். பாயில் சம்மணமிட்டு அமர்ந்து வேர்க்கட்டைத் தலைவரின் கையில் கொடுக்காமல் அவர் முன் வைத்தோம். நெடுநேரம் மென்குரலில் பேச்சு நடந்தது. பிறகு உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டும் ஓசை கேட்டது. அதற்குப் பிறகு நாங்கள் விருந்தாளிகள் அல்ல, அந்த ஊருக்குக் கட்டுப்பட்டவர்கள். வரும் ஒவ்வொரு படகையும் ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விடுவது ஃபுலாங்காவின் வழக்கம்; எங்களை ஏற்றுக்கொண்ட வீட்டு அம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

என் துணிப்பெட்டிகளைப் பற்றி அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "துணி எங்களிடம் இருக்கிறது. பள்ளித் தொட்டியைப் பார்த்தாயா?" என்றார்.

ஃபுலாங்கா சுண்ணாம்புக்கல் தீவு. ஆறு ஓடாது; கூரையில் விழும் மழைதான் குடிநீர். இது எனக்கு உடனே புரிந்ததற்குக் காரணம் படகு வாழ்க்கைதான். கடல்நீரை நன்னீராக்கும் எங்கள் சிறு இயந்திரம் மணிக்கு 30 லிட்டர் தரும். ஆனால் வெயில் இல்லாத நாளில் அதை ஓட்டினால் மின்கலம் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே பாத்திரத்தைக் கடல்நீரில் துலக்கி, நன்னீரில் ஒருமுறை மட்டும் அலசி, இருவரும் நாளுக்கு 40 லிட்டருக்குள் வாழப் பழகியிருந்தோம். பள்ளித் தொட்டியின் குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. வாளியை வைத்து அளந்தோம்: ஒரு நாளில் 20 லிட்டருக்குச் சற்று மேல். எங்கள் படகின் ஒரு நாள் தேவையில் பாதி மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய கோளாறு மேலே இருந்தது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பள்ளிக் கூரையின் ஒரு சரிவு 60 சதுர மீட்டர் என்பதால், 20 மில்லிமீட்டர் மழைக்கு 1,200 லிட்டர் சேர வேண்டும். ஆனால் கூரை விளிம்பில் நீரை வாங்கும் பீலி தொட்டிக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆணிகள் துருப்பிடித்துத் தாங்கிகள் நழுவியிருந்தன. நாங்கள் தனியாக ஏணியில் ஏறவில்லை. துராங்கா நி கோரோ ஊர்ப்பணி நாள் குறித்தார். ஞாயிறு வேலை கிடையாது. குறித்த நாளில் எட்டுப் பேர் வந்தார்கள். நூல் கட்டி, மூன்று மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சாய்வு கொடுத்து, படகுக்கென்று வைத்திருந்த துருப்பிடிக்காத திருகாணிகளையெல்லாம் அங்கேயே செலவழித்தோம். குழாய்க்கு வேண்டிய வாஷர் யாரிடமும் இல்லை. எங்கள் காற்றடைத்த சிறு படகுக்கு ஒட்டுப் போட வைத்திருந்த ரப்பரில் ஒரு நாணயத்தை வைத்து வட்டம் வரைந்து, நகம் வெட்டும் கத்தரியால் வெட்டிப் பொருத்தினேன். சொட்டு நின்றது. கூரைத் தூசியும் பறவை எச்சமும் தொட்டிக்குள் போகாதபடி, மழையின் முதல் இருபது லிட்டரை வெளியே விடும் வடிகுழாய் ஒன்றையும் மாட்டினோம். அதில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

மற்றவை சில்லறை வேலைகள். ஊரில் எரியாமல் கிடந்த சூரிய விளக்குகளில் பலவற்றுக்குத் தகடு நன்றாகவே இருந்தது. மின்முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவினாலே பாதி எரிந்தன. நாங்கள் கொண்டுபோயிருந்த வாசிப்புக் கண்ணாடி நாற்பதும் ஒரே மாலையில் தீர்ந்தன. பாய் முடையும் பெண்களும் வெசி என்னும் கடின மரத்தில் கிண்ணம் செதுக்கும் ஆண்களும்தான் முதலில் கேட்டார்கள். இனிமேல் போவதானால் நூறு கண்ணாடியும் ஒரு பெட்டி வாஷரும் கொண்டுபோவேன்; துணி ஒன்றும் எடுத்துப் போகமாட்டேன்.

அக்டோபர் கடைசியில் புறப்பட்டுவிட்டோம். நவம்பரில் புயல் பருவம் தொடங்கிவிடும். 2016 பிப்ரவரி 20 அன்று தாக்கிய வின்ஸ்டன் புயல் லாவின் வடபகுதியை என்ன செய்தது என்று கேட்ட பிறகு, தங்கிப் பார்க்கும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

மறு ஆண்டு அங்கே போன ஒரு படகுக்காரர் பள்ளித் தொட்டியைப் படம் எடுத்து அனுப்பினார். பீலி நாங்கள் விட்ட சாய்விலேயே இருக்கிறது. என் வடிகுழாயின் வாயை மட்டும் மரக்கட்டையால் அடைத்திருக்கிறார்கள். நல்ல வெசிக் கட்டை, குழாய்க்கு அளவெடுத்துச் செதுக்கியது. கேட்டதற்கு, வறண்ட மாதத்தில் ஒவ்வொரு தூறலுக்கும் இருபது லிட்டரைக் கீழே விட முடியாது என்றும், நல்ல மழைக்காலம் வந்தால் கட்டையை எடுத்துவிடுவதாகவும் வீட்டு அம்மாள் சொல்லி அனுப்பினார்.