மீட்டர் இல்லாமல் பதிந்த ஆல்பம்

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியுடைய முதல் தனி ஆல்பமான ‘மெக்கார்ட்னி’யைப் பற்றி யாரிடம் பேசினாலும், பேச்சு ‘மேபி ஐம் அமேஸ்டு’ பாட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அது மகத்தான பாட்டு, மறுக்கவில்லை. பியானோ, கிதார், பேஸ், டிரம்ஸ் எல்லாவற்றையும் அவரே வாசித்துவிட்டு, அந்தத் தொண்டையையும் கிழித்துக்கொண்டு பாடுகிறார். ஆனால் அது ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவில் சகல வசதிகளோடும் பதிவானது. என்னை இந்த ஆல்பத்தோடு கட்டிப்போட்டவை, லண்டன் செயின்ட் ஜான்ஸ் வுட்டில் அவர் தன் வீட்டிலேயே பதிந்த சின்னப் பாட்டுகள்.

ஒலிப்பதிவுதான் என் பிழைப்பு. பெரும்பாலும் பக்திப் பாடல்கள். யார் பாடினாலும் என் கண் ஒலியின் அளவைக் காட்டும் மீட்டரில்தான் இருக்கும். மெக்கார்ட்னி வீட்டுக்கு வரவழைத்த ஸ்டூடர் நான்கு தட டேப் இயந்திரத்தோடு ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரும் கிடையாது, மீட்டரும் கிடையாது. மைக்கை நேராக இயந்திரத்தின் பின்புறம் சொருகினார். ஒலி உடைகிறதா, கம்முகிறதா என்பது பதிந்து கேட்டால்தான் தெரியும். சரியில்லையென்றால் மைக்கை நகர்த்தி வைத்து மறுபடி வாசிக்க வேண்டும். எல்லாத் திருத்தமும் காதாலும் கையாலும்தான். அதனால்தான் அந்தக் கிதார் ஒலியில் அந்த அறையே கேட்கிறது.

முதல் பாட்டான ‘தி லவ்லி லிண்டா’ அந்த இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கப் பதிந்தது. ஒரு நிமிடம்கூட ஓடாது. ஒரு தடத்தில் குரலும் கிதாரும், இன்னொன்றில் மற்றொரு கிதார், அடுத்ததில் புத்தகத்தின் மேல் கையால் தட்டும் தாளம், கடைசியில் பேஸ். நான்கு தடமும் தீர்ந்தது. முடிவில் கதவு கிறீச்சிடுகிறது, அவர் சிரித்துவிடுகிறார். நானாக இருந்தால் அதை வெட்டியிருப்பேன். அவர் அதையே ஆல்பத்தின் வாசலில் வைத்தார்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இன்னும் கனக்கும். 1969 செப்டம்பரில் ஜான் லெனன் பீட்டில்ஸை விட்டு விலகுவதாக உள்ளுக்குள் அறிவித்துவிட்டார். மெக்கார்ட்னி ஸ்காட்லாந்துப் பண்ணை வீட்டுக்குப் போய் முடங்கினார்; குடித்தார்; காலையில் எழவே மனமில்லாமல் கிடந்தார். இதை அவரே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரை எழுப்பி உட்காரவைத்தவர் மனைவி லிண்டா. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் மேரியை மெக்கார்ட்னி தன் மேல்சட்டைக்குள் வைத்திருக்கும் படம்தான் ஆல்பத்தின் பின்னட்டை. எடுத்தவரும் லிண்டாதான்.

1970 ஏப்ரல் முதல் தேதி, பீட்டில்ஸுக்காக மெக்கார்ட்னி எழுதிய ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்’ பாட்டின் மேல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் வயலின்களையும் பெண்கள் கோரஸையும் கொட்டிக்கொண்டிருந்தார். எழுதிப் பாடியவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினாறே நாளில், ஏப்ரல் 17 அன்று, இந்த வீட்டுப் பதிவு கடைக்கு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இந்த ஆல்பம் ஏன் இவ்வளவு மெலிதாக, இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்பது விளங்கும்.

வெளியீட்டைத் தள்ளிவைக்கச் சொல்லி வந்த பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோவை அவர் கோபமாக வெளியேற்றியது, ஆல்பத்தோடு தந்த கேள்வி பதிலால் பீட்டில்ஸ் பிரிவு உலகச் செய்தியானது எல்லாம் ஆயிரம் முறை எழுதப்பட்டவை. பிரிவு தந்த கோபத்தில்தான் அன்றைய விமர்சகர்கள் பலர் ஆல்பத்தையே சரியாகக் கேட்கவில்லை என்பது என் கருத்து. ‘அரைகுறை’ என்றார்கள். ‘கிரீன் அக்ரோர்’ எனக்கும் நீளமாகத்தான் படுகிறது. ‘வேலன்டைன் டே’ ஒத்திகை அளவில் நின்றுவிடுகிறது. ஆனால் ‘எவ்ரி நைட்’ எப்படி அரைகுறையாகும்?

‘ஜங்க்’ 1968இல் ரிஷிகேசத்தில் இருந்தபோது உருவான பாட்டு. உடைந்த, வேண்டாத பொருள்களைப் பற்றியது. அன்றைய பீட்டில்ஸ் ஆல்பம் எதிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. இங்கே அது இரண்டு முறை வருகிறது: ஒருமுறை வரிகளோடு, பிறகு ‘சிங்கலாங் ஜங்க்’ என்று வெறும் இசையாக. வரிகள் இல்லாததுதான் எனக்கு உயர்ந்தது. பியானோ அந்த மெட்டை எடுத்துப் போகும்போது பாடகர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஒருபோதும் தோன்றியதில்லை. புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள். ‘அமேஸ்டு’ எப்படியும் உங்களைத் தேடி வந்துவிடும்.