புளோரிடாவில் மூன்று மாதத்துக்கு ஒரு வீடு

2022 ஜனவரியில் ரொறன்ரோவில் ஒரே நாளில் அரை மீட்டர் வரை ஸ்னோ கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். அதைத் தள்ளப் போய் வாசற்படியில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. மனைவிக்கு ஏற்கெனவே குளிர் வந்தால் விரல் மூட்டுகள் வீங்கிவிடும். இனி ஜனவரி முதல் மார்ச் வரை இந்த ஊரில் இருப்பதில்லை என்று அப்போதே முடிவெடுத்தோம்.

யாழ்ப்பாணம் போகலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். போகலாம்தான். ஆனால் மகளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவசரம் என்றால் மூன்று மணி நேர விமானத்தில் திரும்பி வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். அதனால் புளோரிடா. அதுவும் மேற்குக் கரை. மிச்சிகனிலிருந்து ஐ-75 நெடுஞ்சாலையைப் பிடித்தால் வேறெங்கும் திரும்பாமல் அங்கே கொண்டுபோய் விடும். மிச்சிகன், ஒகையோ ஆட்கள் மேற்குக் கரையில் குவிந்திருப்பதற்கும், நியூயோர்க் ஆட்கள் ஐ-95 வழியாகக் கிழக்குக் கரைக்குப் போவதற்கும் இந்த ரோட்டுகள்தான் காரணம் என்று பிறகு ஒருவர் விளக்கினார்.

அந்த வருடம் ஒக்டோபரில் ஆறுதலாகத் தேட உட்கார்ந்தேன். அது முதல் பிழை. நல்ல வீடுகளில் போன வருடம் இருந்தவர்களே அடுத்த வருடத்துக்கும் சொல்லிவைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். மிச்சம் கிடப்பதும் கோடைக்குள் முடிந்துவிடும். ஒக்டோபரில் எஞ்சியிருப்பது ஒன்றில் மிகவும் விலை கூடியது, இல்லையென்றால் ஏதோ வில்லங்கம் உள்ளது.

எனக்குக் கிடைத்தது வில்லங்கம். ஃபோர்ட் மையர்ஸ் பீச் என்ற தீவு ஊரில், கடலைப் பார்த்தபடி, தளபாடங்களுடன் இரண்டு அறைக் கொண்டோ (அடுக்குமாடி வீடு), மாதம் 1,900 அமெரிக்க டொலர். அந்தக் காசுக்கு அங்கே கார் நிறுத்தும் இடம்கூடக் கிடைக்காது என்று இப்போது தெரியும். இயன் புயல் அங்கே அடித்தது செப்டெம்பர் 28. செய்தியில் பார்த்திருந்தேன், விளம்பரம் போட்டவரிடம் கேட்கவும் செய்தேன். "எங்கள் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று பதில் வந்தது. பேச்சு அவ்வளவு மரியாதை. முற்பணம் 1,000 டொலரை அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்றார். எனக்கு அப்படிக் கணக்கு இல்லை. புளோரிடாவிலேயே தம்பாவில் இருக்கும் மருமகனை, அக்காவின் மகனை, கேட்டேன். அவன் காசு அனுப்பமுதல் படங்களைப் பார்த்தான்.

"மாமா, பல்கனிப் படத்தில கடலுக்குள்ள நீண்டு போற அந்த நடைபாலம் முழுசா நிக்குது. இப்ப அதில தூண்கள் மட்டும்தான் மிச்சம். அந்தத் தீவே வாரிக்கொண்டு போய்க் கிடக்கு."

படம் புயலுக்கு முந்தியது. யாரோ விற்பனைக்குப் போட்ட விளம்பரத்திலிருந்து எடுத்தது. வீடு உண்மையில் இருந்தது, அந்த மனிதருக்கும் அதற்கும்தான் சம்பந்தமில்லை. அந்தக் குளிர்காலத்தை ஸ்காபரோவிலேயே கழித்தோம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்வதைவிட மோசம்.

மருமகன் அன்றைக்குச் சொல்லித்தந்த ஒரு விஷயத்துக்காகவே இதை எழுதலாம். புளோரிடாவில் வீட்டுச் சொந்தக்காரர் யார் என்பது ஒளிவுமறைவில்லாத அரச பதிவு. ஒவ்வொரு கவுண்டியிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் முகவரியைப் போட்டால் சொந்தக்காரர் பெயர், அவருடைய தபால் முகவரி, எந்த வருடம் என்ன விலைக்கு வாங்கினார் என்பது வரைக்கும் காட்டும். காசு கட்ட வேண்டியதில்லை. ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் என்றால் லீ கவுண்டி. வாடகைக்கு விடுபவர் சொல்லும் பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால், முகவர் என்பவரிடம் சொந்தக்காரரின் கையெழுத்தைக் கேளுங்கள். தடுமாறினால் போனை வைத்துவிடலாம்.

2023 ஏப்ரலில், சீசன் முடிந்த கையோடு, அடுத்த ஜனவரிக்காகத் தேடினோம். கேப் கோரலில் வாய்க்கால் ஓரத்து வீடு ஒன்று மனைவிக்குப் பிடித்தது. அந்த ஊரில் வாய்க்கால்கள் மட்டும் 640 கிலோமீட்டர். ஆனால் படகில் கடல்வரை போகக்கூடிய வாய்க்கால் என்றால் வாடகை ஒரேயடியாக ஏறிவிடுகிறது. எங்களிடம் படகு இல்லை. எனக்கு நீந்தவும் தெரியாது. கடைசியில் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, தெற்கு ஃபோர்ட் மையர்ஸில், மிச்சிகன்காரத் தம்பதியின் கொண்டோ ஒன்று சரிவந்தது. மாதம் 3,200 டொலர். பெயர் பொருந்தியது, தபால் முகவரி மிச்சிகன், வாங்கியது 2009. மருமகன் நேரில் போய்க் கதவைத் தட்டியும் பார்த்தான்.

வீட்டுக்காரர் சரி என்றதும் முடிந்தது என்று நினைத்தேன். அங்கே அப்படியில்லை. கொண்டோவுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, அது உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். விண்ணப்பம், குற்றப் பின்னணிச் சோதனை, 150 டொலர் கட்டணம். கணவன் மனைவியை ஒரே விண்ணப்பதாரராகத்தான் எண்ண வேண்டும் என்பது சட்டம். எங்களிடம் 300 கேட்டு, வீட்டுக்காரர் கதைத்த பிறகு 150 ஆக்கினார்கள். அதோடு இருபது பக்க விதிமுறை. 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குடியிருப்பு என்பதால் பேரப்பிள்ளைகள் இரண்டு கிழமைக்கு மேல் தங்கக்கூடாது. இரவில் பிக்கப் ட்றக் வெளியே நிற்கக்கூடாது. மருமகனிடம் இருப்பது பிக்கப். வரும்போதெல்லாம் பத்து மணிக்குள் அவனைத் துரத்தினோம். கையெழுத்துக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை வாங்கி வாசியுங்கள். வீட்டைவிட அதுதான் முக்கியம்.

வாடகையைப் பார்த்துக் கணக்குப் போட்டதும் பிழை. ஆறு மாதமோ அதற்குக் குறைவோ என்றால் ஹோட்டல் அறைக்குப் போலவே வரி விழும். மாநில விற்பனை வரி 6 வீதம், கவுண்டியின் மேலதிக வரி அரை வீதம், சுற்றுலா வரி 5 வீதம், ஆக 11.5. மூன்று மாத வாடகை 9,600க்கு வரி மட்டும் 1,104 டொலர். துப்புரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கனடாக் காசில் 15,000ஐத் தாண்டியது. "வரியோடா, வரியில்லாமலா?" என்பதை முதல் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

நாட்கணக்கும் இருக்கிறது. ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதி தொடர, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். அமெரிக்க வரிக்காரருக்கு வேறு கணக்கு: அங்கே தங்கிய இந்த வருட நாட்கள், போன வருட நாட்களில் மூன்றில் ஒன்று, அதற்கு முந்திய வருடத்தில் ஆறில் ஒன்று, மூன்றும் சேர்ந்து 183ஐத் தொட்டால் எங்கள் நெருங்கிய தொடர்பு கனடாவோடுதான் என்று காட்ட 8840 என்ற படிவம் நிரப்ப வேண்டும். வருடம் நான்கு மாதம் என்றால் மயிரிழையில் தப்பலாம். மூன்று மாதம் என்றால் கவலையில்லை. 2025 ஏப்ரலிலிருந்து, 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் கனடாக்காரர் அங்கே பதிவும் செய்திருக்க வேண்டும்.

பயணக் காப்புறுதியில் நாங்கள் கொஞ்சம் ஆடிப்போனோம். நவம்பரில் டொக்டர் மனைவியின் பிரஷர் குளிசையின் அளவைக் கூட்டினார். புறப்படுவதற்கு முந்திய குறிப்பிட்ட நாட்களில் மருந்து மாறினால் அந்த நோய்க்குக் காசு தரமாட்டோம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. போன் பண்ணிச் சொல்லி, கொஞ்சம் கூடுதலாகக் கட்டி, வேறு திட்டத்துக்கு மாறினோம்.

இதில் எதுவுமே மனைவிக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. அவருக்கு ஒரே கேள்விதான்: எங்கே தாளிப்பது? "எல்லாத் தளபாடங்களும் உண்டு" என்றால் அங்கே கோப்பி மெசின், வைன் கிளாஸ் பன்னிரண்டு, கடற்சிப்பி ஒட்டிய விளக்கு என்றுதான் அர்த்தம். அடுப்புக்கு மேலே இருந்த காற்றாடி புகையை வெளியே அனுப்புவதில்லை, உறிஞ்சி அறைக்குள்ளேயே விடுகிறது. நாலு செத்தல் மிளகாய் போட்டால் புகை அலாரம் அடித்து, சங்கத் தலைவர் வாசலில் நிற்பார். வீட்டுக்காரரிடம் குசினியை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னோம். பின்னால் வலையடித்த விறாந்தை, அவர்கள் லனாய் என்கிறார்கள், அதில் ஒரு பிளக் இருந்தது. விதிமுறையைத் திரும்பப் புரட்டினோம். கரி அடுப்பும் காஸ் அடுப்பும் தடை, மின்சார அடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்குப் பிறகுதான் மனைவி கையெழுத்து வைத்தார்.

2024 ஜனவரி 3ஆம் திகதி வெளிக்கிட்டோம். 2,400 கிலோமீட்டருக்கு மேல், வழியில் இரண்டு இரவு. டிற்றோயிற் எல்லையில் என்ன சாப்பாட்டுச் சாமான் என்று கேட்டபோது மனைவி உண்மையைச் சொல்ல, கறிவேப்பிலைப் பொதி முழுவதையும் வாங்கிக் குப்பையில் போட்டார்கள். தோடம்பழ மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் இருக்குமாம். ஒகையோ தாண்டும்வரை காரில் பேச்சில்லை.

வீட்டில் வீட்டுக்காரர் வைத்திருந்த பட்டியல் நான்கு பக்கம், கரண்டி வரை எண்ணி எழுதியது. நாங்களும் அன்றிரவே எல்லாவற்றையும் படமெடுத்து அவருக்கு அனுப்பினோம். ஒரு லாச்சி ஏற்கெனவே உடைந்திருந்தது, அந்தப் படம் பிறகு உதவியது. பகலில் 24 பாகை. மனைவியின் விரல்கள் இரண்டாம் கிழமையில் மோதிரத்தைக் கழற்றி மாட்டும் அளவுக்கு வந்தன. லனாயில் தாளிக்கும் மணத்துக்கு ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. பக்கத்து வீட்டு ஒகையோக்காரி மட்டும் இரண்டு தரம் வந்து அது என்ன சமையல் என்று கேட்டார். மூன்றாம் தரம் கோப்பை ஒன்றோடு வந்தார்.

பெப்ரவரி நடுவில் வீட்டுக்காரர் அடுத்த வருடம் எப்படி என்று கேட்டு எழுதினார். நான் விலை குறைக்கச் சொல்லிப் பார்ப்போமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி என் போனை வாங்கி "யெஸ்" போட்டுவிட்டார். வாடகை 100 டொலர் ஏறியது. மார்ச் 31 காலையில் பட்டியலை வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாக எண்ணினோம். எல்லாம் சரி. மேல் அலுமாரியின் மூலையில், பட்டியலில் இல்லாத ஒரு இடியப்ப உரல் மட்டும் கூடுதலாக இருந்தது.