6பி எப்படி 6ஏ ஆனது

மொரீஷியஸில், எபேன் சைபர்சிட்டியில் ஒரு நிறுவனத்தின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம், டேட்டாபேஸ் சர்வர் ஒன்று இரவு பேக்கப் ஓடும்போதெல்லாம் விழ ஆரம்பித்தது. விழும்போது திரையில் வரும் புராசஸ் பெயர் ஒவ்வொரு முறையும் வேறு: டேட்டாபேஸ், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், சில நேரம் குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு சாதாரண க்ரான் வேலை. ஆனால் விழும் நொடியில் மெமரியைப் பிரதி எடுக்கும் கேடம்ப் சேமித்த விஎம்கோர் கோப்பைத் திறந்து, எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் ஸ்டாக்கைப் பார்த்தால், கடைசியில் நிற்பது எப்போதும் மெமரி ஒதுக்கித் தரும் ஒரே ஃபங்ஷன்தான். லினக்ஸின் மையமான கெர்னலில் பிழை என்றார்கள் சிலர், ராம் போய்விட்டது என்றார்கள் பலர்.

மெமரி சம்பந்தப்பட்ட கிராஷில் ஸ்டாக் ட்ரேஸ் காட்டுவது விழுந்தவனை, தள்ளியவனை அல்ல. கெர்னல் மெமரியை ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி வைத்துக் கொடுக்கும் ஸ்லப் ஒதுக்கீட்டு முறை, காலியான ஒரு துண்டுக்குள்ளேயே அடுத்த காலித் துண்டின் முகவரியை எழுதி வைக்கிறது. விடுவித்துவிட்ட துண்டில் யாரோ ஒருவர் பிறகும் கை வைத்தால் அந்த முகவரி கெடும், ஆனால் அந்த நொடியில் ஒன்றும் ஆகாது. அப்புறம் அதே அளவு மெமரி கேட்டு வருகிற, சம்பந்தமே இல்லாத ஒரு புராசஸ் அந்தக் கெட்ட முகவரியைப் பிடித்துக்கொண்டு போய் விழும். பெயர் மாறிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான்.

கெட்டது எப்போதும் 64 பைட் துண்டுகள் என்பது விஎம்கோரிலேயே தெரிந்ததால், அந்த அளவுக்கு மட்டும் ஸ்லப் டீபக் என்ற சோதனை அமைப்பைப் போட்டு பூட் செய்தோம். எல்லாவற்றுக்கும் போட்டிருந்தால் டேட்டாபேஸ் ஊர்ந்திருக்கும். இது போட்டிருந்தால் விடுவித்த துண்டு முழுவதையும் கெர்னல் 6பி (பதினாறின் அடிமான எண், 9-க்குப் பிறகு ஏ, பி என்று போகும்) என்ற பைட்டால் நிரப்பி, கடைசியில் ஒரு ஏ5 வைக்கும். மறுபடி யாருக்காவது கொடுப்பதற்கு முன் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். மறுநாள் காலை லாகில் வரிசையாக 6பி, 6பி. முதல் பைட் மட்டும் 6ஏ.

ராம் கட்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. 6பி-க்கும் 6ஏ-க்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட். பிட் புரண்டிருக்கிறது, ராமை வரவழைக்கலாம் என்றார்கள். இந்தத் தீவில் அது வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வர வேண்டும். எங்கள் குழுவில் ரோஸ் ஹில்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரிடமும் தீவின் கிரியோல் மொழியில் பேசுகிறவர், என்னிடம் மட்டும் தமிழ். தைப்பூசக் காவடிக்கு விரதமிருந்த நாட்கள் அவை. அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ராம் கெட்டா வேற வேற துண்டுல, ஒவ்வொரு தடவையும் முதல் பைட்தானா கெடும்?"

எனக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை. சர்வரில் இருப்பது ஈசிசி ராம். ஒரு பிட் புரண்டால் திருத்திவிட்டு அதைப் பதிவும் செய்யும். பதிவு எதுவும் இல்லை. 6பி-யில் ஒன்றைக் கழித்தால் 6ஏ. யாரோ விடுவித்த பொருளின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை, அதாவது அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கை, இன்னொரு முறை குறைத்திருக்கிறார்கள், அந்த எண்ணிக்கை பொருளின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதே அறிக்கையில், துண்டை ஒதுக்கியது எந்த ஃபங்ஷன், விடுவித்தது எந்த ஃபங்ஷன் என்றும் இருந்தது. இரண்டும் பேக்கப் மென்பொருளோடு வந்த, கெர்னலுக்கு வெளியே எழுதப்பட்டு அதற்குள் ஏற்றப்படும் ஒரு மாட்யூலில்.

மாட்யூலை எடுத்துவிட்டு வேறு வழியில் பேக்கப் ஓட்டினோம், சர்வர் விழவில்லை. தயாரித்தவர்களுக்கு விஎம்கோரையும் அறிக்கைகளையும் அனுப்பினோம். முதலில் ராமைச் சோதிக்கச் சொன்னார்கள். ஈசிசி பதிவையும் முதல் பைட் விஷயத்தையும் எழுதிய பிறகு, பிழை வந்தால் வெளியேறும் பாதையில் ரெஃபரன்ஸை இரண்டு தடவை விடுவிப்பதாக ஒத்துக்கொண்டு திருத்திய பதிப்பைத் தந்தார்கள். அதை ஏற்றிய பிறகும் டீபக் அமைப்பைச் சில வாரம் எடுக்காமல் விட்டிருந்தோம். 6ஏ திரும்ப வரவில்லை.