ஒரே கதை மூன்று இடத்தில்

நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் இணைய இதழுக்கு, வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் முகப்பை நான்தான் அமைத்தேன். மேலே 'சிறப்பு', அதன்கீழ் 'புதியவை', அப்புறம் கட்டுரை, சிறுகதை, கவிதை என்று வகைவாரியாகப் பகுதிகள். ஒருநாள் புதுச் சிறுகதை ஒன்றைச் சிறப்பில் ஏற்றிவிட்டுப் பார்த்தால், அதே கதை புதியவையிலும் முதலில் நிற்கிறது, சிறுகதைப் பகுதியிலும் முதலில் நிற்கிறது. அந்த இரண்டு இடங்களும் வேறு யாரோ எழுதியதற்குக் கிடைத்திருக்க வேண்டியவை. அதுதான் என்னை உறுத்தியது.

காரணம் எளிது. ஒவ்வொரு பகுதியும் தரவுத்தளத்தைத் தனித்தனியாகக் கேட்கிறது. மேலே இருக்கும் பகுதி எதை எடுத்தது என்று கீழே இருப்பதற்குத் தெரியாது.

முதலில் 'ஆஃப்செட்' போட்டு, புதியவையில் முதல் பதிவைத் தாண்டச் சொன்னேன். சிறப்பில் இருப்பது ஆகக் கடைசியாக வந்த பதிவாக இருக்கும்வரைதான் அது பலிக்கும். போன வாரக் கதையைச் சிறப்பில் வைத்தால், இன்று வந்த கட்டுரை காணாமல் போகிறது, பழைய கதை மறுபடியும் இரண்டு இடத்தில் வருகிறது. கூடவே, ஆஃப்செட் கொடுத்தால் வேர்ட்பிரஸ் பக்க எண்ணைக் கண்டுகொள்ளாது. இரண்டாம் பக்கத்திலும் முதல் பக்கப் பதிவுகளே வந்தன.

சரி என்று அதைக் கைவிட்டு, காட்டிய பதிவுகளின் அடையாள எண்களை ஒரு பட்டியலில் சேர்த்து, இவற்றை விட்டுவிடு என்று சொல்லும் 'போஸ்ட் நாட் இன்' வழியாக அடுத்த தேடலுக்குக் கொடுத்தேன். 'போஸ்ட்' என்பதற்கும் 'நாட்' என்பதற்கும் நடுவே இரண்டு அடிக்கோடு வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, வேர்ட்பிரஸ் அதைப் பேசாமல் விட்டுவிடும்.

அதைச் சரியாகப் போட்டும் கதை நகரவில்லை. பட்டியலைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது காலியாக இருந்தது. ஒவ்வொரு பகுதியும் தனிக் கோப்பு. அவற்றை, தனிக் கோப்பைப் பக்கத்தில் சேர்க்கும் கட்டளையான 'கெட் டெம்ப்ளேட் பார்ட்' மூலம் அழைத்திருந்தேன். அது கோப்பை ஒரு ஃபங்ஷனுக்குள் (தனியாக இயங்கும் நிரல் துண்டுக்குள்) வைத்து ஏற்றுவதால், என் பட்டியல் போல வெளியே இருக்கும் மாறிகள் உள்ளே போகாது. 2020இல் வந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்து, அந்தக் கட்டளையோடு மூன்றாவது மதிப்பாக ஓர் அரேயை, அதாவது மதிப்புகளின் தொகுப்பை, அனுப்பலாம். அனுப்பினேன். சிறப்பில் இருந்தது கீழே வரவில்லை. ஆனால் புதியவையில் வந்தவை சிறுகதையில் திரும்ப வந்தன. உள்ளே போவது நகல்தான். அங்கே சேர்த்த எண்கள் வெளியே வருவதில்லை.

இடையில், புதியவையில் ஐந்து கேட்டால் ஆறு வந்தது. எப்போதும் மேலே நிற்கும்படி ஒட்டிவைத்த ('ஸ்டிக்கி') பதிவு ஒன்று தானாக மேலே ஏறியிருந்தது. 'இக்னோர் ஸ்டிக்கி போஸ்ட்ஸ்' என்பதை இயக்கியதும் சரியானது.

பட்டியலை, எல்லாக் கோப்புகளும் எட்டக்கூடிய பொது மாறியாக வைத்ததும் இரட்டிப்பு முழுதாகப் போனது. ஆனால் கவிதைப் பகுதி வாடிவிட்டது. எங்களுக்குக் கவிதைகள் வருவதே குறைவு. வந்ததில் மூன்றைப் புதியவை எடுத்துக்கொண்டது. கவிதை தேடி வருபவர் கவிதை என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றே ஒன்றைப் பார்ப்பார். இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் பொறுக்குவதையும் காட்டுவதையும் பிரித்தேன். முகப்பின் தொடக்கத்திலேயே எல்லாப் பகுதிகளுக்கும் எண்களை மட்டும் எடுத்துவிடுகிறேன். சிறப்பு முதலில், அடுத்தது கவிதை, பிறகு சிறுகதை, கட்டுரை. புதியவை கடைசியில்தான் எடுக்கும். திரையில் மட்டும் அது இரண்டாவதாக நிற்கும். நேற்று வந்த கவிதை புதியவையில் தெரியாது என்பது இதற்கு நாங்கள் கொடுக்கும் விலை. கவிதைப் பகுதி நிறைந்திருப்பது எனக்கு அதைவிட முக்கியம்.

மிஞ்சியது கீழே இருக்கும் 'மேலும்' பொத்தான். அதை அழுத்தினால் போவது புதுக் கோரிக்கை. அதற்குப் பழைய பட்டியல் தெரியாது, பார்த்த பதிவுகளே மறுபடி வந்து விழுந்தன. இப்போது ஏற்கெனவே காட்டிய எண்களையும் பொத்தானோடு சேர்த்து அனுப்புகிறேன்.